இரண்டு கிலோ கழிவு

பதினாலாம் நம்பர் தேயிலைக் காட்டுக்குக் கீழே, ரோட்டோரம், அன்றைய மத்தியானக் கொழுந்தை நிறுத்துக்கொண்டிருந்தார்கள். முத்துப்பேச்சியின் சாக்கு கொக்கியில் ஏறியது. தராசு முள் ஆடி அடங்கி இருபத்தொன்றில் நின்றது. சூப்பர்வைசர் பவுல்ராஜ் அதை ஒரு பார்வை பார்த்துவிட்டு, நோட்டில் பத்தொன்பது என்று எழுதினார்.

"சாரே, முள்ளு இருபத்தொண்ணுல நிக்கி. நீங்க பத்தொம்பதுன்னு எழுதுதீங்க."

"சாக்குக் கழிவு ஒண்ணு, ஈரக் கழிவு ஒண்ணு. என்னமோ புதுசா கேக்குற மாதிரி கேக்கே?"

"ஈரமா? மழ பேஞ்சு ரெண்டு மாசம் ஆச்சு. ஒரு பிடி கொழுந்த எடுத்துப் பிழிஞ்சு காட்டுங்க. ஒரு சொட்டுத் தண்ணி வந்தா, ரெண்டு கிலோ என்ன, மொத்தச் சாக்கையும் நீங்களே கொண்டு போங்க."

வரிசையில் நின்ற பெண்கள் சிரித்தார்கள். பவுல்ராஜ் தலையைச் சொறிந்தார். முத்துப்பேச்சியிடம் வாய் கொடுத்தால் நிறுப்பு முடிய இருட்டிவிடும் என்று அவருக்குத் தெரியும். பத்தொன்பதை அடித்து இருபது என்று எழுதினார். அவள் அப்போதும் நகரவில்லை. துண்டுச் சீட்டிலும் இருபது என்று எழுதி வாங்கி, அதை மடித்து இடுப்பில் செருகிய பிறகுதான் அடுத்தவளுக்கு வழி விட்டாள். அந்த ஒரு கிலோவுக்குக் கிடைக்கும் கூடுதல் கூலி ஒரு டீக்குக்கூடக் காணாது. அது வேறு விஷயம். முப்பத்து நான்கு வருஷமாக இந்த மலையில் கொழுந்து எடுக்கிறாள். தராசு முள்ளைப் பார்க்காமல் ஒரு நாளும் சாக்கை இறக்கியதில்லை. போனஸுக்காகப் பெண்கள் ரோட்டில் உட்கார்ந்தபோது, மேனேஜர் முகத்துக்கு நேரே கணக்குக் கேட்டவர்களில் அவளும் ஒருத்தி.

அப்போது அவளுடைய செல்போன் அடித்தது. அந்த வளைவில் மட்டும்தான் ரேஞ்சு கிடைக்கும்.

"அத்தே, மாரீஸ்வரன் பேசுறேன். ஒரு ஓ.டி.பி. வந்திருக்கும், சட்டுனு சொல்லுங்க."

"இந்தா சொல்லுதேன்யா." கண்ணைச் சுருக்கி, போனைக் கைக்கெட்டும் தூரத்தில் பிடித்து, ஆறு எண்களையும் ஒவ்வொன்றாக வாசித்தாள். "போதுமாய்யா?"

"போதும் அத்தே. ஒண்ணு நல்லா வந்திருக்கு, கிள்ளிருவோம்."

போனை வைத்துவிட்டாள். எதைக் கிள்ளினான், எவ்வளவுக்குக் கிள்ளினான், அதில் அவனுக்கு எவ்வளவு கழிந்தது, ஒன்றும் கேட்கவில்லை. ஒரு கிலோ கொழுந்துக்குப் பத்து நிமிஷம் மல்லுக்கு நின்ற அதே மனுஷி, அறுபதாயிரம் ரூபாய்ப் பங்கு விற்கும் சமாச்சாரத்தை அரை நிமிஷத்தில் முடித்துவிட்டுச் சாக்கை உதறி மடித்தாள். இந்தக் கூத்தை என்னவென்று சொல்ல.

மாரீஸ்வரன் யாரோ எவரோ இல்லை. எஸ்டேட் கொடுத்த வரிசை வீடுகளான அதே லயத்தில், பக்கத்து வீட்டு மூக்கம்மாளின் மகன். மூக்கம்மாளும் முத்துப்பேச்சியும் ஒரே வருஷம் பேர் பதிந்து, ஒரே காட்டில் பக்கத்துப் பக்கத்து நிரையில் கொழுந்து எடுப்பவர்கள். மாரீஸ்வரன் பாதி நாள் இவள் வீட்டுச் சோற்றில் வளர்ந்தவன். தேனியில் படித்துவிட்டு வந்து, மூணாறு டவுனில் ஏலக்காய்க் கடை ஒன்றின் மாடியில் ஒரு பங்குச்சந்தை கம்பெனியின் கிளை ஆபீஸ் போட்டான். வாசலில் கண்ணாடிக் கதவு, உள்ளே ஏசி. மூணாற்றுக் குளிரில் ஏசி எதற்கு என்று கேட்டால், "அது இருந்தாத்தான் ஆபீஸ்னு நம்புவாங்க அத்தே" என்று சிரிப்பான்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் முத்துப்பேச்சியின் புருஷன் பழனிச்சாமி தேயிலை ஃபேக்டரியில் ஓய்வு பெற்றார். பி.எஃப்., கிராஜுவிட்டி எல்லாம் சேர்ந்து ஏழரை லட்சம் வந்தது. எஸ்டேட்டில் வேலை செய்பவனுக்குச் சொந்தமென்று ஒரு பிடி மண் கிடையாது. வேலை இருக்கும்வரை லயத்து வீடு. வேலை முடிந்தால் சாவியைக் கொடுத்துவிட்டு மலையிறங்க வேண்டியதுதான். முத்துப்பேச்சிக்கு இன்னும் இரண்டு வருஷ வேலை பாக்கி இருந்ததால் வீடு அதுவரை தங்கியது. 2025 மே முப்பத்தொன்று அவளுக்குக் கடைசி நாள். அதற்குள் போடிப் பக்கம் மூன்று செண்டு நிலம் வாங்கிவிட வேண்டும். அவளுடைய சொந்த ஓய்வுக் காசு வந்ததும் அதில் இரண்டு அறை கட்டிக்கொள்ளலாம். அவ்வளவுதான் அவர்கள் போட்ட கணக்கு. ஆசை என்று பெரிதாக ஒன்றுமில்லை.

"இந்த ரெண்டு வருஷத்துக்குக் காச எங்க வைக்கலாம்?" என்று புருஷனும் பெண்டாட்டியும் கேட்காத இடமில்லை. பேங்கில் கேட்டால், பத்து வருஷம் பணம் கட்டும் இன்ஷூரன்ஸ் பாரத்தை நீட்டினார்கள். யூனியன்காரரிடம் கேட்டால், தன் மச்சானின் ஏலத்தோட்டத்தில் பங்கு சேரச் சொன்னார். முத்துப்பேச்சியின் தம்பி சீட்டு என்றான். கேட்ட கேள்விக்கு ஒருவராவது பதில் சொல்லவில்லை; ஒவ்வொருவரும் தன் கையில் இருந்த சரக்கைத்தான் எடுத்து வைத்தார்கள். அலைந்து அலைந்து வெறுத்துப்போய்த்தான் கடைசியில் மாரீஸ்வரனிடம் வந்தார்கள்.

அவன் பேசிய பேச்சே வேறு. ஒரு காகிதத்தில் வட்டம் போட்டு அதைப் பன்னிரண்டு துண்டாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு கலர் அடித்துக் காட்டினான்.

"அத்தே, எல்லாத்தையும் ஒரே கம்பெனியில போடக் கூடாது. பன்னெண்டு கம்பெனியில பிரிச்சுப் போடுறோம். இதுக்குப் பேரு பேலன்ஸ். ஒங்களுக்குத் தெரியாததா? கொழுந்து வந்தா முத்த விடுவீங்களா? பதம் பாத்துக் கிள்ளுவீங்கல்ல? அதே மாதிரித்தான். எது தளிர் விடுதோ அத அப்பப்பக் கிள்ளிக்கிட்டே இருக்கணும். இலை முத்திப் போச்சுன்னா ஃபேக்டரிக்காரனே வாங்க மாட்டான்."

வாழ்க்கையில் முதல் தடவையாகப் பண விஷயம் ஒன்று தனக்குப் புரிந்துவிட்டது போல முத்துப்பேச்சிக்கு இருந்தது. அங்கேதான் அவள் விழுந்தாள். கொழுந்து கிள்ளினால் அதே செடியில் பத்து நாளில் மறுபடி தளிர்க்கும்; விற்ற பங்கு தளிர்க்காது, அது அடுத்தவன் செடியாகிவிடும் என்று அவளுக்கு யார் சொல்வது? கேள்வி ஒன்றிரண்டு நாக்கு நுனிவரை வரத்தான் செய்தது. 'ஒனக்கு இதுல என்னய்யா கிடைக்கும்?' என்று கேட்டால் பையன் என்ன நினைப்பான், மூக்கம்மாள் காதுக்குப் போனால் அவள் என்ன நினைப்பாள் என்று விழுங்கிக்கொண்டாள். "ஒன் கை ராசியான கை" என்று பழனிச்சாமி சொன்னதால் கணக்கும் அவள் பேரிலேயே திறந்தது. ஈமெயில், பாஸ்வேர்டு எல்லாம் மாரீஸ்வரனே உண்டாக்கி, ஒரு துண்டுத் தாளில் எழுதி, "பத்திரமா வைங்க அத்தே" என்று கொடுத்தான். அவளும் ரொம்பப் பத்திரமாக, சாமி படத்துக்குப் பின்னால் வைத்துவிட்டாள்.

முதல் வருஷம் நன்றாகத்தான் போயிற்று. அடுத்த ஓணத்துக்கு மாரீஸ்வரன் போனில் எட்டேகால் லட்சம் என்று காட்டினான். அந்தத் தைரியத்தில், ஜனவரியில் போடிக்குப் போய் மூன்று செண்டு பார்த்து, ஆறே முக்கால் லட்சத்துக்குப் பேசி, கையில் இருந்த ஐம்பதாயிரத்தை அட்வான்ஸ் கொடுத்துவிட்டு வந்தார்கள். மார்ச் முப்பத்தொன்றுக்குள் மீதியைக் கட்டாவிட்டால் அட்வான்ஸ் திரும்பாது என்று பத்திரத்தில் எழுதியிருந்தது. கட்டாமல் போவோமா என்று கையெழுத்துப் போட்டார்கள்.

பிப்ரவரியில் டிவியில் சந்தை சரிந்தது, சரிந்தது என்று தினமும் சொன்னார்கள். முத்துப்பேச்சி போன் போட்டுக் கேட்டாள்.

"பயப்படாதீங்க அத்தே. இது கவாத்து. கவாத்து வெட்டுனா செடி மொட்டையாத்தான் நிக்கும். அப்புறம் பாருங்க, எப்படித் தளிர்க்குதுன்னு."

"தளிர்க்கட்டும்யா. எனக்கு மார்ச் கடைசிக்குள்ள ஆறேகால் லட்சம் வேணும். போடிக்காரர் காத்துக்கிட்டு இருக்காரு. எடுத்துக் குடுத்துரு."

"இப்ப எடுத்தா நஷ்டம் அத்தே. கொஞ்சம் பொறுங்க."

பொறுத்தாள். மார்ச் பாதி ஆனதும் அவன் போனை எடுப்பதை நிறுத்திவிட்டான். ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு ஜீப்பில் தொங்கிக்கொண்டு டவுனுக்குப் போனால், மீட்டிங்கில் இருக்கிறார் என்றார்கள். இன்னொரு நாள் போனபோது கொச்சிக்குப் போயிருக்கிறார் என்றார்கள். மூன்றாம் நாள் ஆபீஸே பூட்டிக் கிடந்தது. சாயங்காலம் லயத்தில் அவனைப் பிடிக்கலாம் என்றால், கல்யாணமான பிறகு அவன் டவுனிலேயே வாடகை வீட்டில் இருந்தான். மூன்று நாள் கூலியும் ஜீப் காசும் போனதுதான் மிச்சம். எரிச்சலில் பழனிச்சாமியிடம் விழுந்தாள்.

"நீங்களாச்சும் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல? ஆம்பளன்னு ஒருத்தர் எதுக்கு வீட்டுல?"

"ஒன் கணக்கு, ஒன் போனு. மேனேஜரையே கேள்வி கேட்ட ஆளு நீ. நீ கேட்டுருப்பேன்னு நான் இருந்துட்டேன்."

அவர் குத்திக்காட்டச் சொல்லவில்லை, உள்ளதைச் சொன்னார். அதனால்தான் அது அவளுக்கு அதிகமாகச் சுட்டது. சாமி படத்துக்குப் பின்னால் இருந்த துண்டுத் தாளை எடுத்துக்கொண்டு மறுநாள் அக்ஷயா சென்டருக்குப் போனாள். ரேஷன் கார்டு, வருமானச் சான்றிதழ் என்று எல்லாக் காகிதத்துக்கும் அந்தப் பக்கத்துக்காரர்கள் போகும் இடம் அது. அங்கே கம்ப்யூட்டரில் இருக்கும் தமிழ்ப்ரியா அந்த ஈமெயிலைத் திறந்து, வரிசையாகக் கிடந்த மெயில்களைக் கீழே தள்ளிக்கொண்டே போனாள்.

"அம்மா, இதுல ஒரு மெயிலைக்கூட நீங்க திறக்கலையா?"

"எனக்கு எங்கம்மா இதெல்லாம் தெரியும்? என்ன போட்டிருக்கு, அதச் சொல்லு."

தமிழ்ப்ரியா வருஷக் கணக்கைத் தனியாக எடுத்து, கால்குலேட்டரில் ஒருமுறைக்கு இருமுறை கூட்டிப் பார்த்தாள்.

"பத்தொம்பது மாசத்துல வாங்குனதும் வித்ததுமா நானூத்திப் பன்னெண்டு தடவை நடந்திருக்கு. வாங்கும்போது நூத்துக்கு அம்பது காசு கமிஷன், விக்கும்போது நூத்துக்கு அம்பது காசு கமிஷன். அதுபோக வரி. எல்லாம் சேந்து ஒரு லட்சத்து முப்பத்தாறாயிரம் அதுலயே போயிருக்கும்மா. மிச்ச நஷ்டம் ஷேர் விலை விழுந்ததுல. இப்ப இருக்கிறது நாலு லட்சத்து அறுபத்திரண்டாயிரம்."

"பன்னெண்டு கம்பெனியில பிரிச்சுப் போட்டிருக்கேன், பேலன்ஸா இருக்குன்னானே?"

"பன்னெண்டும் சின்னச் சின்னக் கம்பெனிம்மா. விழுந்தா எல்லாம் ஒண்ணா விழும். பேலன்ஸுன்னா பாதியாவது ஆடாத இடத்துல இருக்கணும். அதுலயும் ரெண்டு வருஷத்துல வேணும்ங்கிற காச ஷேர் பக்கமே கொண்டு வந்திருக்கக் கூடாது."

முத்துப்பேச்சிக்கு அது உடனே புரிந்தது. சாக்கு பன்னிரண்டு இருந்தாலும் கொழுந்து ஒரே காட்டினுடையது. ஜனவரிப் பனி விழுந்தால் ஒரு செடி விடாமல் மொத்தக் காடும்தான் கருகும். புரியும்படி சொன்னால் தனக்குப் புரியாமல் இல்லை என்று நினைக்க நினைக்க ஆத்திரமாக வந்தது.

"கம்ப்ளெயின்ட் குடுத்தா?"

"குடுக்கலாம். நானே எழுதித் தாரேன். ஆனா ஒவ்வொரு தடவையும் ஓ.டி.பி. நீங்கதானே சொல்லியிருக்கீங்க? நீங்க சம்மதிச்சுத்தான் வித்தோம்னு அவங்க சொல்லுவாங்கம்மா."

புகார் எழுதி அனுப்பினார்கள். உங்கள் புகார் பரிசீலனையில் உள்ளது என்று பதில் வந்தது. அதற்குப் பிறகு எதுவும் வரவில்லை. மார்ச் முப்பத்தொன்றும் வந்து போயிற்று. போடிக்காரர் நிலத்தை வேறு ஆளுக்கு எழுதிக் கொடுத்துவிட்டார். அட்வான்ஸைக் கேட்டதற்கு, "படிச்சுப் பாத்துத்தானேம்மா கையெழுத்துப் போட்டீங்க" என்றார். முத்துப்பேச்சியின் சொந்த ஓய்வுக் காசோ, லயத்துச் சாவியை ஒப்படைத்த பிறகுதான் கைக்கு வரும். சாவியைக் கொடுத்துவிட்டு அந்தக் காசு வரும்வரை எங்கே போய் இருப்பது? கேட்கப் போனால் எல்லா ஆபீஸ் ஜன்னலிலும் சொல்ல ஒரு சட்டம் இருந்தது. இவள் பக்கம் பேச ஒன்றும் இல்லை.

காட்டில் பக்கத்து நிரையில் மூக்கம்மாள் இருந்தாள். நாலு நாளாக முத்துப்பேச்சி அவளிடம் பேசவில்லை. கொழுந்து வெட்டும் கத்தரியை வைத்துச் செடியை வெட்டுகிற வெட்டில் கோபம் தெரிந்தது. ஐந்தாம் நாள் மூக்கம்மாள் பொறுக்க முடியாமல் கேட்டுவிட்டாள்.

"ஏட்டி, என்னட்டி ஆச்சு? நான் என்ன செஞ்சேன் ஒனக்கு?"

"நீ ஒண்ணும் செய்யல. ஒம் மகன்தான் செஞ்சான்." முத்துப்பேச்சி அத்தனையையும் கொட்டினாள். ஏழரை லட்சம், நானூற்றுப் பன்னிரண்டு தடவை, போன நிலம், போன அட்வான்ஸ்.

மூக்கம்மாள் கத்தரியைக் கீழே போட்டுவிட்டாள். "எனக்குச் சத்தியமா ஒண்ணும் தெரியாதுட்டி. எங்க வீட்டுக்காரர் செத்தப்ப வந்த காச நானும் அவங்கிட்டத்தான் குடுத்தேன். ஷேர்ல போட்டுத் தாயேன்னு கேக்கத்தான் செஞ்சேன். அவந்தான் வேண்டாம்னான்."

"என்ன சொன்னான்?"

"'ஒனக்கு ரிட்டயர் ஆக ரெண்டு வருஷந்தான் இருக்கு. வீடு விடணும். அந்தக் காசு ஆடக் கூடாதும்மா'ன்னான். போஸ்டாபீஸ்ல போட்டுட்டான். மாசா மாசம் வட்டி வருது."

முத்துப்பேச்சி அவளையே பார்த்தாள். அப்போது மூக்கம்மாளுக்கும் ரிட்டயர் ஆக இரண்டு வருஷம், இவளுக்கும் இரண்டு வருஷம். அவளும் வீடு விட வேண்டும், இவளும் விட வேண்டும். கேள்வி ஒன்றுதான். சரியான பதில் அவனுக்குத் தெரிந்தே இருந்திருக்கிறது. பெற்றவளுக்கு ஒரு பதில், அத்தைக்கு ஒரு பதில். அவன் விவரம் தெரியாமல் செய்திருந்தால்கூட அவளுக்கு மனசு ஆறியிருக்கும்.

"சனிக்கிழம அரை நாள் லீவு போடு. நீயும் என்கூட வா" என்றாள்.

"நான் எதுக்குட்டி? எனக்கு அங்க வந்து என்ன பேசத் தெரியும்?"

"நீ ஒண்ணும் பேச வேண்டாம். வந்து நில்லு, போதும்."

சனிக்கிழமை அவர்கள் கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனபோது மாரீஸ்வரன் இருந்தான். எதிரே வேல்முருகனும் அவர் சம்சாரம் சாந்தம்மாளும் உட்கார்ந்திருந்தார்கள். வேல்முருகன் அதே எஸ்டேட்டில் டிராக்டர் ஓட்டி அந்த மாதம்தான் ஓய்வு பெற்றிருந்தார். மேஜையில் பாரம் விரித்திருந்தது. வேல்முருகன் கையில் பேனா. பக்கத்தில் ஒரு காகிதத்தில் வட்டம், பன்னிரண்டு துண்டு, பன்னிரண்டு கலர்.

மாரீஸ்வரன் அம்மாவைப் பார்த்ததும் பாதி எழுந்தான். "அம்மா, நீ எதுக்கு வந்தே? வாங்க அத்தே, ஒரு அஞ்சு நிமிஷம் வெளிய இருங்க. இவங்களை முடிச்சு அனுப்பிட்டு..."

"அவங்க இருக்கட்டும்யா. நான் கேக்கிறது ஒண்ணும் ரகசியம் இல்ல." முத்துப்பேச்சி தமிழ்ப்ரியா அடித்துக் கொடுத்த கணக்கை மேஜையில் வைத்தாள். "ஒரு லட்சத்து முப்பத்தாறாயிரம் கழிவு போட்டிருக்கே. எந்த ஈரத்துக்குய்யா இவ்வளவு கழிவு?"

"அத்தே, அது கம்பெனி ரூல். பாரத்துலயே எழுதியிருக்கு. சந்தையில நஷ்டமும் வரும்னு கையெழுத்து வாங்கியிருக்கோம். நான் ஒண்ணும் ஒளிச்சு வைக்கல. கவாத்துன்னு சொன்னேன்ல, கொஞ்சம் பொறுத்திருந்தா..."

"கவாத்தப் பத்தி எனக்குச் சொல்லுதியாக்கும்? கவாத்து வெட்டுன செடி அதே மண்ணுல வேரோட நிக்கும். நீ எங்கய்யா நிக்க விட்டே? வாரா வாரம் பிடுங்கிப் பிடுங்கி வேற செடி நட்டே. பிடுங்குனதுக்குக் கூலி, நட்டதுக்குக் கூலி. தளிர் விட்டத எல்லாம் வித்துட்டு, பட்டுப்போனத எனக்கு மிச்சம் வச்சிருக்கே."

"எனக்கும் மாசா மாசம் டார்கெட் இருக்கு அத்தே. இந்த ஆபீஸ் வாடகை, சம்பளம்..." சொல்லிவிட்டுத்தான் தான் என்ன சொன்னோம் என்று அவனுக்கு உறைத்தது. நாக்கைக் கடித்துக்கொண்டான்.

முத்துப்பேச்சி கணக்குக் காகிதத்தை எடுத்து மடித்தாள். திட்டுவதற்கு வீட்டிலிருந்து நிறைய வார்த்தைகளைச் சேர்த்துக்கொண்டுதான் வந்திருந்தாள். ஏசி காற்றில் முந்தானையைப் போர்த்திக்கொண்டு, எதற்குத் தன்னைக் கூட்டிவந்தாள் என்று விளங்காமல் மூக்கம்மாள் கதவோரம் நின்ற நிலையைப் பார்த்ததும் பாதியை விட்டுவிட்டாள்.

"இருக்கிற நாலு லட்சத்து அறுபத்திரண்டாயிரத்தையும் இன்னைக்கே வித்து என் பேங்குல போட்டுரு. ஓ.டி.பி. இங்கேயே இருந்து சொல்லுதேன். எத்தனை கழியுதுன்னு எழுதிக் காட்டிட்டுத்தான் நீ அந்தப் பொத்தானை அமுக்கணும்."

"சனிக்கிழம சந்தை லீவு அத்தே. திங்கக்கிழம..."

"அப்ப திங்கக்கிழம வாரேன். கூலி போனாப் போகுது."

சொல்லிவிட்டு வேல்முருகன் பக்கம் திரும்பினாள். அவர் கையில் இருந்த பேனா பாரத்துக்கு மேலே அப்படியே நின்றது.

"அண்ணாச்சி, ஷேர்ல போடாதீங்கன்னு சொல்ல நான் வரல. போட வேண்டிய காசு வேற, போடக் கூடாத காசு வேற. அது எதுன்னு யோசன கேக்கத்தான நாம எல்லாரும் வாரோம்? கேளுங்க. ஆனா யோசன சொல்லுதவங்கிட்ட முதல்ல ரெண்டு கேள்வி கேளுங்க. இந்த யோசனைக்கு ஒனக்கு யாரு கூலி குடுக்கா? இதே நெலமையில இருக்கிற ஒங்க அம்மா காச நீ எங்க போட்டிருக்கே? இது ரெண்டுக்கும் பதில் வராம எதுலயும் கையெழுத்துப் போடாதீங்க. தெரிஞ்ச பையன், கேட்டா மனசு வருத்தப்படும்னு நான் வாய மூடிக்கிட்டு இருந்தேன். ஒரு கிலோ கொழுந்துக்கு ஊரக் கூட்டுதவ, வாழ்க்கை மொத்தத்தையும் நிறுக்கும்போது முள்ளப் பாக்கல. அந்தக் கூச்சத்துக்கு நான் குடுத்த விலை மூணு செண்டு நிலம் அண்ணாச்சி. வார மாசம் சாவியக் குடுத்துட்டுப் போடியில வாடகை வீடு தேடப்போறேன்."

சாந்தம்மாள் புருஷனின் முழங்கையைத் தொட்டாள். வேல்முருகன் பேனாவை மூடி வைத்தார். அவருக்குக் கூச்சமாகத்தான் இருந்தது. மாரீஸ்வரனை அவருக்கும் சின்ன வயதிலிருந்தே தெரியும். ஆனாலும் கேட்டார்.

"ஏன் தம்பி, ஒங்க அம்மா காசு எங்க இருக்கு?"

மாரீஸ்வரன் மேஜையில் இருந்த வட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். பதில் கதவோரத்திலிருந்து வந்தது.

"போஸ்டாபீஸ்ல இருக்கு அண்ணாச்சி" என்றாள் மூக்கம்மாள். "ஆடக் கூடாத காசுன்னு என் மகன்தான் போட்டான்."